தூக்கநீக்கியா, விழிப்பூக்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மோடாஃபினில் மாத்திரைக்கான நோயாளர் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருபவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வகை. தூக்கநீக்கி என்று போடலாமா?

---

> தூக்கநீக்கி என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. தூக்கமின்மை ஏற்கெனவே ஒரு நோயின் பெயர். தூக்கநீக்கி என்றால் அந்த நோயை வரவழைக்கும் மருந்தோ என்று தோன்றும்.

இன்னொன்று, இது எதையும் நீக்குவதில்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர் இதை விழுங்கினாலும் இரவில் மூச்சு தடைபடத்தான் செய்யும். மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியை மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் ஆட்கொள்ளும் நார்கோலெப்சி நோயும் குணமாகாது. பகலில் விழித்திருக்க முடிகிறது, அவ்வளவுதான்.

விழிபேணி என்றும் யோசித்தேன். கண்ணில் விடும் சொட்டு மருந்து மாதிரி இருக்கிறது! வினையூக்கி போல விழிப்பூக்கி என்று வைக்கலாம்.

---

> விழிப்பூக்கி

சொல்லைத் தப்பாகப் பிரித்தால் விழி பூத்துப்போகும். விழிப்பு, ஊக்கி என்று சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் பிரித்து எழுதிவிடுங்கள்.

ஊக்கமருந்து என்றதும் ஓட்டப்பந்தயத்தில் பிடிபட்டவர்கள்தானே நினைவுக்கு வருகிறார்கள் என்று முதலில் தயங்கினேன். ஆனால் மோடாஃபினிலும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருப்பதுதான். ஆகவே 'ஊக்கி' இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது நோய்க்குறியின் பெயர். தூக்கக் கலக்கம் என்று எழுதாதீர்கள். எழுந்த வேகத்தில் கதவில் முட்டிக்கொள்கிறோமே, அதுதான் தூக்கக் கலக்கம். களைப்பும் வேறு, களைத்தவருக்குப் படுத்தாலும் தூக்கம் வராமல் போகலாம். பகல் தூக்கத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எப்வர்த் அளவுகோலைப் பாருங்கள். உட்கார்ந்து படிக்கும்போது, சாலை நெரிசலில் வண்டி நிற்கும்போது என்று 8 சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கண்ணயர்ந்துவிடுவீர்களா? எனவே மிகைப் பகற்கண்ணயர்வு.

---

> மிகைப் பகற்கண்ணயர்வு

கண்ணயர்வு சரி. மிகையும் பகலும் சேர்ந்தால் வாய் நோகிறது. நோயாளர் படிக்கும் தாளில் 'பகல் கண்ணயர்வு' போதும். மருத்துவர்களுக்கான பதிப்பில் முழுச்சொல்லைப் போடுகிறேன்.

இப்போதைக்கு இப்படி நிற்கிறது: "இது பகல் கண்ணயர்வுக்கான விழிப்பு ஊக்கி. உடலில் பாதியளவு குறையவே ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும் என்பதால் காலையில் எடுத்துக்கொள்ளவும். இரவுப் பணிக்காக எழுதிக்கொடுத்திருந்தால், பணி தொடங்க ஒரு மணி நேரம் முன்பு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவும். கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம்."

'பாதியளவு குறைய' என்பதற்கு அரைவாழ்வு என்று எழுதத் தோன்றியது. அணுக்கதிர் வாடை அடித்ததால் விட்டுவிட்டேன்.