உயிரோடிருக்கும் தலைவரைத் துப்பறிவாளராக்கலாமா? ‘ஹோப் நெவர் டைஸ்’ பற்றி ஒரு வாக்குவாதம்

கடைசிப்பக்கம்:
ஆண்ட்ரூ ஷாஃபரின் ‘ஹோப் நெவர் டைஸ்’ (2018) நாவலை நேற்றிரவுதான் முடித்தேன். பதவி போன பிறகு முன்னாள் துணை அதிபர் ஜோ பைடனும் முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவும் ஒரு மரணத்தைத் துப்பறிகிறார்கள். செத்தவர் அமெரிக்காவின் ஆம்ட்ராக் நிறுவன ரயிலில் வேலை பார்த்த நடத்துநர், பைடனுக்குப் பல வருடப் பழக்கம். கதை சொல்வதும் பைடன்தான். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் புத்தகத்தை மூடியதும் ஒரு உறுத்தல். அப்போது இன்னும் ஓட்டுக் கேட்கக்கூடிய நிலையில் இருந்த ஒருவரை இப்படி வாசகரின் செல்லப்பிள்ளையாக்குவது நாவலா, பிரசாரமா? இது வந்தது 2018 ஜூலையில். 2019 ஏப்ரலில் பைடன் அதிபர் போட்டியில் இறங்கினார். அந்த ஜூலையிலேயே இரண்டாம் பாகமும் கடைக்கு வந்துவிட்டது.

ரயில்பயணி:
பிரசாரம் என்றால் நாயகனைத் தூக்கிப் பிடிக்கும். இந்த பைடன் எப்படி இருக்கிறார்? ஒபாமா ஒரு போன்கூடப் போடவில்லையே என்று புழுங்குகிறார். நண்பர் பிரபலங்களோடு ஊர் சுற்றுவதைப் பார்த்து வயிறெரிகிறார். நகைச்சுவையே அந்தப் பொறாமையில்தான் இருக்கிறது. துப்பறிய அவரைக் கிளப்பிவிடுவதிலும் அதற்குப் பாதிப் பங்கு உண்டு.

அப்புறம், ரயில் நடத்துநரைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. பைடன் செனட்டராக இருந்த 36 வருடமும் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் வீட்டிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் போய் வந்தவர். 2011இல் வில்மிங்டன் நிலையத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். தினமும் டிக்கெட் வாங்கிப் பார்த்த மனிதர் செத்துப்போனால் அவருக்கு நெஞ்சு அடைக்கும் என்பதை நான் நம்புகிறேன். கற்பனை நாயகன் என்றால் இந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கவே ஆசிரியருக்கு நாலு அத்தியாயம் தேவைப்பட்டிருக்கும்.

இன்னொன்று. முன்னாள் அதிபருக்கு ஆயுள் முழுக்க சீக்ரெட் சர்வீஸ் (தலைவர்களைக் காக்கும் அமெரிக்க அரசுப் பிரிவு) காவல் உண்டு. முன்னாள் துணை அதிபருக்கு, 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதம்தான். ஒருவருக்குப் பின்னால் காவலர், இன்னொருவருக்கு யாருமில்லை. அதிகாரம் பறிபோய் வெறும் ஆர்வத்தோடு ஒரு சாவின் பின்னால் அலைகிற பைடனை அமெச்சூர், அதாவது தொழிலாகச் செய்யாத, துப்பறிவாளர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கடைசிப்பக்கம்:
ரயில் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன குறைகளைப் பாருங்கள் நண்பரே. பொறாமை, ஏக்கம், வயசான உடம்பு. எல்லாம் நமக்குப் பிரியத்தைக் கூட்டுகிற குறைகள். ஓட்டை மாற்றக்கூடிய குறைகளா? கதை போதைமருந்துச் சிக்கலுக்குள் போகிறது. சிறைத் தண்டனைகளைக் கடுமையாக்கிய 1994 குற்றத் தடுப்புச் சட்டத்தை செனட்டில் முன்னின்று கொண்டுவந்தவர் பைடன். அப்படிப்பட்டவர் தன் வாயாலேயே இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தச் சுமை அவர் குரலில் கனக்க வேண்டாமா? எனக்குப் போதவில்லை.

மர்மக் கதையாகவும் ஒரு நஷ்டம் இருக்கிறது. நிஜ ஆள் என்பதால் ஒபாமா மேல் ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது. இந்த வகையில் யார் மேலும் சந்தேகம் விழலாம் என்பதில்தானே ருசியே.

மழைக்காலம்:
இருவரும் ஒரே புத்தகத்தோடு நின்றுவிட்டீர்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் துப்பறியும் நாவல்கள் 1984இல் தொடங்கின, மகன் எலியட் ரூஸ்வெல்ட் பெயரில். அம்மா இறந்தது 1962இல். ஜெர்மனியில் டேவிட் சாஃபியர் 2021இல் அந்நாட்டுப் பிரதமர் (சான்சலர்) அங்கேலா மெர்கலை ஓய்வுபெற்ற துப்பறிவாளராக எழுதினார். புத்தகம் வந்தபோது மெர்கல் பதவியில்தான் இருந்தார்! ஆனால் மறுபடி நிற்கப்போவதில்லை என்று 2018இலேயே அறிவித்துவிட்டார். எனக்கு உயிரோடு இருக்கிறாரா என்பது கேள்வியே இல்லை, மறுபடி ஓட்டுக் கேட்டு வருவாரா என்பதுதான் கேள்வி.

ரயில்பயணி:
அதை எழுத்தாளர் எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? யார் நிற்பார் என்று காத்திருந்தால் எந்தத் தலைவரைப் பற்றியும் சிரிக்க முடியாது. பொதுவாழ்வில் இருப்பவரைப் பகடி செய்யும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் ஹஸ்ட்லர் பத்திரிகை ஒரு மதபோதகரைக் கேலி செய்த வழக்கில் ஒருமனதாக உறுதிசெய்தது. அது கொடூரமான கேலி. அதையே பொறுத்துக்கொண்ட இடத்தில் இந்தப் பிரியமான கேலி ஏன் குற்றமாகிறது?

கடைசிப்பக்கம்:
குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. கொடூரமான கேலி தலைவருக்கு எதிராகப் போகும், பிரியமான கேலி அவர் பக்கம் சாயும் என்கிறேன். சாய்வதை வாசகர் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்துக்காவது தேர்தல் முடியும்வரை காத்திருந்திருக்கலாம்.

மழைக்காலம்:
அந்த இரண்டாம் பாகத்தில் எனக்கும் அதே வருத்தம்தான். முதல் பாகத்தில் அப்படி இல்லை. போன் வராதா என்று காத்திருக்கும் அந்த மனிதரை 2018இல் படித்தபோது, அவருடைய அரசியல் முடிந்துபோனதாகவே நினைத்துப் படித்தேன்.