விழுந்தது ஒரு முறை, பயந்தது ஆறு மாதம்

காவிரிக்கரை:
எனக்கு 72. கும்பகோணம். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன ஆடி மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தேன். லைட் போட்டால் மனைவி விழித்துக்கொள்வாள் என்று போடவில்லை. எங்கள் பாத்ரூம் வாசலில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கட்டை உண்டு. தண்ணீர் வெளியே வராமலிருக்க நானே பக்கத்தில் நின்று கொத்தனாரிடம் சொல்லிக் கட்டவைத்தது. முப்பது வருஷமாக அதைத் தாண்டிய கால் அன்றைக்கு இடறிவிட்டது. வலது கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு நன்றாகவே கூடியது. நான் சொல்ல வந்தது கட்டுப் பிரித்ததற்கு அப்புறம் நடந்ததை.

வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மகாமகக் குளத்தைச் சுற்றி வரும் காலை நடை நின்றது. காய் வாங்கப் போவது நின்றது. "அப்பா, எல்லாம் நான் இங்கிருந்தே ஆர்டர் போடுகிறேன், நீங்கள் வாசல்படி இறங்காதீர்கள்" என்றான் மகன். மனைவி தண்ணீர் சொம்பைக்கூட நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ராஜ மரியாதைதான். மூன்று மாதம் கழித்து ஒரு வளைகாப்பில் தரையில் இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்தேன், எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பையன்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். பந்தி முழுக்கப் பார்த்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். சின்னப் பெண், என் பேத்தி வயது. முறிந்த கையை அவள் பார்க்கவே இல்லை. "தாத்தா, ரெண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்க" என்றாள். நாலாவது தடவைதான் எழுந்தேன், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. "டாக்டர் கைக்குத்தான் கட்டுப் போட்டார் தாத்தா. காலுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்க" என்றாள்.

அவள் சொன்னது மூன்றே வேலை. காலையும் மாலையும் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார்வது, பிறகு பத்தாக்குவது. அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. ஹாலில் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி அடியெடுத்து நடப்பது. பால் பொங்குவதற்குள் இந்தக் காலில் கொஞ்சம், அந்தக் காலில் கொஞ்சம் என்று நின்றுவிடுவேன். மனைவி கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்துத் தனியாகக் கீரை வாங்கப் போனேன். "எங்க சார் ஆறு மாசமா ஆளையே காணோம், பையன் வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்றாள் கீரைக்காரம்மா. வீட்டிலேதான் இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு அதிகமாக வாங்கி வந்தேன்.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

நெல்லை டீச்சர்:
ஐயா, விழுந்தவர்களிடம் நாம் தரையையும் படியையும் பற்றித்தான் விசாரிப்போம். என் மாமியார் கதை வேறு. அத்தைக்கு 84. இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்தாள், மூன்றும் கட்டிலிலிருந்து எழுந்த உடனே. தலை சுற்றுகிறது என்றாள். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது தடவை நெற்றியில் தையல் போட்ட டாக்டர் ஒரு காரியம் செய்தார். அத்தையைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். எழுப்பி நிறுத்தி மறுபடி பார்த்தார். நின்ற உடனே மடமடவென்று இறங்கியிருந்தது. "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். ஒரு துணிப்பை நிறைய வந்தது. அதில் அம்லோடிபைன் என்கிற பிரஷர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. உள்ளூர் டாக்டர் எழுதியது ஒன்று, மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஊரில் எழுதியது இன்னொன்று. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. இரண்டையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்குமாம், அளவு கூடினால் இன்னும் அதிகமாம். அத்தைக்கு வீங்கியிருந்தது. வீக்கத்துக்கு என்று நீர் பிரிகிற மாத்திரை ஒன்று பிறகு சேர்ந்திருந்தது. அதனால் ராத்திரி நாலு தடவை எழுந்தாள். எழுந்தபோதெல்லாம் பிரஷர் இறங்கி ஆள் சாய்ந்தாள்.

அம்லோடிபைன் ஒன்றை நிறுத்தினார், கொஞ்ச நாளில் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். அத்தை அதற்குப் பிறகு விழவில்லை. யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், பையைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். எழுந்து கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு நிற்பது என்று பழக்கியிருக்கிறோம். அத்தை அந்த ஒரு நிமிஷத்தில் கந்தர் சஷ்டி கவசத்தில் நாலு வரி சொல்லிவிடுவாள்.

முதியோர் மருத்துவம் என்று தனித்துறை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லேயே முதியோருக்கான பிரிவைத் தொடங்கியிருக்கிறார். கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவமனை 2024ல் திறந்தார்கள். நெல்லையிலிருந்து கிண்டி கொஞ்சம் தூரம்தான், என்ன செய்ய.

கரிசல்காட்டான்:
எங்க ஆத்தா 90 வயசு வரைக்கும் களையெடுத்தா. மாத்திரையும் கிடையாது, பிசியோவும் கிடையாது. கம்பங்கூழும் உழைப்பும்தான். இப்ப எல்லாரும் உட்கார்ந்தே கெட்டுப்போயிட்டாங்க.

நெல்லை டீச்சர்:
தம்பி, களையெடுக்கிறது உட்கார்ந்து எழுந்திரிக்கிற பயிற்சிதானே. அந்தப் பிசியோ பெண் சொன்னதைத்தான் உங்கள் ஆத்தா வயலில் செய்திருக்கிறாள். ஆனால் அவள் கூட களையெடுத்தவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டினார்கள் என்றும் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

அம்பத்தூர்வாசி:
எனக்கு 68, பிரச்சினை காது. கால்களைப் பற்றிப் பேசும் இடத்தில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் காவிரிக்கரை சார் சொன்ன அதே சுருங்கல்தான் எனக்கும் நடந்தது.

நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒரு வார்த்தை பிடிபடாது. ஒவ்வொரு தடவையும் "என்ன, என்ன" என்று கேட்க ஒரு மாதிரி இருக்கும். அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்து வைப்பேன். ஒரு நாள் துக்கச் செய்திக்குச் சிரித்துவிட்டேன். அதோடு கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவருக்குத் தலைக்கனம் என்றார்கள் சிலர், மறதி நோய் ஆரம்பம் என்றார்கள் சிலர். இரண்டாவதுதான் என் மனைவியைப் பயமுறுத்தியது. டாக்டரிடம் போனால் ஞாபகத்தைச் சோதித்துவிட்டுக் காதைச் சோதிக்கச் சொன்னார். காது கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் 2020 அறிக்கையே சொல்கிறதாம்.

காது மெஷின் போட்ட முதல் வாரம் நரகம். பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. குக்கர் விசில் வந்தால் ஓடிவிடுவேன். கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். நிறைய பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பரிசோதனை செய்த பெண் என்னைத் திரும்ப வரச்சொல்லி, இரண்டு தடவை சத்தத்தைச் சரிசெய்து கொடுத்தாள். தினம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று கூட்டச் சொன்னாள். ஒரு மாதமானது. ஒரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் கிளி கத்தியது. இத்தனை நாளாகக் கிளிகள் எங்கள் தெருவை விட்டுப் போய்விட்டன என்றே நினைத்திருந்தேன்.

பவானி அக்கா:
நான் சின்னதா ஒன்னு சொல்றனுங்க. அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. பையன் சிங்கப்பூர்ல. ஒருத்திக்காக யார் குழம்பு வைப்பாங்க? கஞ்சியும் ஊறுகாயும், இல்லைன்னா காபியும் ரொட்டியும். ஒரு வருஷத்துல எட்டுக் கிலோ இறங்கிட்டேன். ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி மதமதப்பு. இருட்டுல நடந்தா கால் எங்க வைக்கிறோம்னே தெரியாது. சர்க்கரை இருக்கறதால அப்படித்தான்னு நினைச்சுட்டேன்.

ரத்தம் பார்த்தா பி12 விட்டமின் ரொம்பக் கம்மி. நான் சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பன்னெண்டு வருஷமா போடறேன், அதுவும் பி12ஐக் குறைக்குமாமுங்க. ஊசி போட்டாங்க, மதமதப்பு முக்கால்வாசி போச்சு.

ஆனா ஊசி போட்டு எட்டுக் கிலோ வராதுங்களே. பக்கத்து வீட்டு அம்மாவும் என்னை மாதிரி தனிதான். ஒரு நாள் அவங்க வீட்டுல குழம்பு கருகுச்சு. நான் ரசம் எடுத்துட்டுப் போனேன். அப்படியே பழக்கமாயிருச்சு. இப்ப ஒரு நாள் அவங்க அடுப்பு, ஒரு நாள் என் அடுப்பு. அவங்களுக்குக் காரம் ஆகாது, எனக்குக் காரம் இல்லாம இறங்காது. தினமும் சண்டைதான். சண்டை போடறதுக்காவது சோறு ஆக்க வேண்டியிருக்குதுங்க. அஞ்சு கிலோ திரும்பி வந்துருச்சு.

பெங்களூர் மகன்:
காவிரிக்கரை ஐயா, "வாசல்படி இறங்காதீர்கள்" என்று சொன்ன மகனைப் போல நானும் ஒருவன். அம்மா இறந்த பிறகு அப்பா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார், வயது 76. பயத்தில் ஹாலில் ஒரு கேமரா மாட்டினேன். முதல் நாள் தெரிந்தது. இரண்டாம் நாள் போனைத் திறந்தால் ஒரே சிவப்பு. அப்பா தன் துண்டை அதன் மேல் போட்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தினம் எட்டரைக்குப் போன் செய்வேன். மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா. ஆம், ஆம், ஆம். நாற்பது வினாடியில் முடிந்துவிடும். ஒரு தடவை உண்மையிலேயே தேவைப்பட்டு, எங்கள் பழைய நிலப் பத்திரத்தில் ஒரு எல்லை விவரம் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். மறுநாள் அவரே ஆட்டோ பிடித்துப் பத்திரப்பதிவு அலுவலகம் போய் வில்லங்கம் பார்த்துவிட்டு வந்து, எனக்கு முன்னால் அவர் போன் செய்தார். இப்போது வாரம் ஒரு சந்தேகம் தயார் செய்து வைத்துக்கொள்கிறேன். அவருக்கு அது புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேமராவைக் கழற்றிவிட்டேன், பாத்ரூமில் இரண்டு கைப்பிடி மாட்டினேன். அதற்கு அவர் துண்டு போடவில்லை.

முதியோருக்கான உதவி எண் 14567ஐயும் அவர் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை.

அம்பத்தூர்வாசி:
காவிரிக்கரை சார், நீங்கள் சொன்ன ஒற்றைக்கால் விஷயம் ஆராய்ச்சியிலும் வந்திருக்கிறது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ள சுமார் 1,700 பேரைப் பிடிமானம் இல்லாமல் பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்களாம். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவர்களிடையே அடுத்த சில வருஷங்களில் இறப்பு அதிகமாக இருந்தது என்று 2022ல் வெளியானது. அதற்காக யாரும் நடு ஹாலில் தனியாக நின்று பரீட்சை எழுத வேண்டாம். என் நண்பர் ஒருவர் அப்படி நின்று டிவி ஸ்டாண்டைப் பிடித்துத்தான் தப்பினார்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்து வைத்துவிட்டேன், திங்கட்கிழமை போகிறேன். பெங்களூர்த் தம்பி எழுதியதை என் மகனுக்கு அனுப்பினேன். கட்டைவிரலை மட்டும் காட்டியிருக்கிறான்.

பாத்ரூம் கட்டையைப் போன மாதம் இடித்தாயிற்று. கட்டிய கொத்தனார் இப்போது இல்லை, அவர் மகன்தான் வந்து இடித்தான். அடுத்த கவலை ஐப்பசி மழை. கொல்லைப் படியில் பாசி பிடிக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. யாராவது வேறு ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பவானி அக்கா:
சுண்ணாம்பும் மணலும் போட்டுத் தென்னந்துடைப்பத்துல தேயுங்க. ஆனா நீங்க தேய்க்காதீங்க சார், ஆள் வைங்க.