மறு: உதைப்பா, உந்துவிசையா? (வியாழன் அச்சுக்குப் போகிறது)

வணக்கம்.

நாளை மறுநாள் கண்காட்சிப் பதாகை அச்சகத்துக்குப் போகவேண்டும். எஞ்சின் கலத்தைத் தள்ளுகிற விசைக்கு (thrust) தமிழில் என்ன எழுதுவது? பதினெட்டு மடல் வந்தும் சொல் முடிவாகவில்லை.

டீப் ஸ்பேஸ் 1 விண்கலம் 1998இல் கொண்டுபோன அயன் எஞ்சின் முழு வலுவில் தந்தது 92 மில்லிநியூற்றன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு ஏ4 தாளை என் உள்ளங்கையில் வைத்து, "இவ்வளவுதான் சேர்" என்றாள். பாரமே தெரியவில்லை. இதற்குப் போய் 'உதைப்பு' என்று எழுதினால் வகுப்பே சிரிக்கிறது.

> தண்ணீர் பொருளை மேலே தள்ளுவதை மேலுதைப்பு என்று படிப்பிக்கும்போது யாரும் சிரிக்கவில்லையே?

நெல்லியடி ஐயா சொல்வது சரி. மதிலுக்குக் கொடுக்கிற உதைகாலும் சத்தமில்லாமல்தான் உதைக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு உதை, உந்து, ஊது எல்லாம் ஒரே வேர் என்று நாலு மடல் எழுதினாரே, அதில் உந்தி என்றால் கொப்பூழ் என்பது வரை போய்விட்டோம்.

> உந்துவிசை என்றால் தமிழ்நாட்டாருக்கும் விளங்கும்.

எனக்கும் அதில்தான் மனம். எஞ்சின் விநாடிக்கு மூன்று மில்லிகிராம் அளவு செனன் வாயுவை விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வெளியே எறிகிறது. அந்த உந்தம்தான் (momentum) கலத்தைத் தள்ளுகிறது. உந்தத்தையும் உந்துவிசையையும் பிள்ளைகள் விடைத்தாளில் மாற்றி எழுதுவார்கள் என்று மூன்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். திருத்துகிறவர்கள் அவர்கள், நான் என்ன சொல்ல?

> அலவாங்கால் கல்லைத் தெண்டுகிறோம். 'தெண்டல்' தனித்தமிழ், எங்கள் ஊர்ச்சொல்.

அழகான சொல். ஆனால் விண்வெளியில் அலவாங்கை எங்கே ஊன்றுவது?

எதையும் வெளியே எறியாமலே தள்ளும் என்று சொல்லப்பட்ட நுண்ணலை எஞ்சினுக்கும் (EmDrive) சொல் கேட்டவருக்கு: 2021இல் டிரெஸ்டனில் கவனமாக அளந்தபோது அதன் உதைப்பு காணாமல் போய்விட்டது. பூச்சியத்துக்குக் கலைச்சொல் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, ஏழு பேர் உதைப்பு, மூவர் உந்துவிசை. பாடநூலில் இருப்பதால் உதைப்பையே போடுகிறேன். பதாகையில் எக்ஸ்3 (X3) என்ற பெரிய மின் எஞ்சினும் வரும்: 2017இல் 5.4 நியூற்றன். அரைக்கிலோ சீனியைத் தாங்குகிற அந்த விசைக்கு 100 கிலோவாற்று மின்வலு!

தெண்டல்காரர் அடியில் ஒரு வரியாவது கேட்கிறார். இடமில்லை, ஐயா.

acceleration என்பதற்கு ஆர்முடுகலா முடுக்கமா என்று நேற்றிரவு தொடங்கியவர்கள் தயவுசெய்து வேறு தலைப்பில் தொடருங்கள்.