தை மாசத்தில் சத்தம் போடக் கூடாத ஊர்

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு கடலூரிலிருந்து மணாலி கிளம்பினோம். பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு விளையாடியே ஆகவேண்டும் என்று பையன் ஒரே பிடிவாதம். சோலாங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாடகைக் கோட்டு, வாடகை பூட்ஸ், சறுக்கியதைவிட விழுந்ததுதான் அதிகம்.

நான் சொல்ல வந்தது கோஷால் கிராமத்தை. சோலாங் போகும் வழியில் பியாஸ் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது. டிரைவரின் மாமியார் ஊர். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார். பாலம் தாண்டியதும் காரில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு, போனை சைலன்ட்டில் போடச் சொல்லி சைகை காட்டினார். நான்தான் அலட்சியமாக விட்டுவிட்டேன்.

கல்லும் தேவதாரு மரமும் மாற்றி மாற்றி அடுக்கிய வீடு. நடுவில் சிமென்ட், சாந்து எதுவும் இல்லை. கீழே மாடு, மேலே மனிதர்கள். படி ஏறும்போது வந்த சாணி வாசம் மட்டும் அப்படியே நம்ம ஊர். தகர அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்போது பார்த்து என் போன் அலறியது. அம்மாதான். ரிங்டோன் வேறு நாதஸ்வரம்! டிரைவரின் மாமியாரான அந்த வீட்டுப் பாட்டி உதட்டில் விரல் வைத்தார். கோபமில்லை; பிள்ளை தூங்குகிற வீட்டில் செய்வோமே, அப்படி.

இந்தியில் பிராத்மிக் தேர்வு பாஸான என் மனைவிதான் விஷயத்தைக் கேட்டுச் சொன்னாள். மகர சங்கராந்தியிலிருந்து 42 நாள் ஊர்ச் சாமிகள் தேவலோகம் போய்விடுமாம். கௌதம ரிஷி, வியாச ரிஷி, காஞ்சன் நாகர். அவர்கள் திரும்பி வரும்வரை கோயில் மணி, டிவி, வயல்வேலை எதுவும் கிடையாது. கோயிலுக்குள் மண் பூசி மூடிவிடுகிறார்கள். திறக்கும்போது மண்ணில் பூ கிடந்தால் நல்ல வருஷம், கரி கிடந்தால் தீ விபத்து வருமாம். இங்கே நாம் மேளம் கொட்டி மாடு விரட்டும் அதே நாளில், அங்கே ஒன்பது கிராமம் வாய் மூடிக்கொள்கிறது.

கையில் இருந்த பண்ருட்டி முந்திரியைக் கொடுத்தேன். பாட்டி மெல்லும் சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. பதிலுக்கு ஒரு பை நிறைய அக்ரூட் (வால்நட்) கொட்டை தந்தார். பையன் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டப் போக, லபக்கென்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தபடி, ஊருக்குப் போய் உடை என்று தெற்கே கை காட்டினார்.

கடலூர் வந்த அன்றே அம்மா குழவிக்கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என்னடா இது, இந்தச் சத்தம் போடுது" என்றபடி ஒவ்வொன்றாக உடைத்தார்.