காமன் ஆப் சப்மிட் செய்தாயிற்று, போர்ட்டலில் இரண்டு இடம் சிவப்பு. அவசரம்!

மின்மினி_17 | இரவு 10.14
வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப் சப்மிட் செய்து ஒன்பது நாள் ஆகிறது. விண்ணப்ப நிலையைக் காட்டும் கல்லூரி போர்ட்டலில் டீச்சர் பரிந்துரைக் கடிதம் ஒன்று வரவில்லை, உதவித்தொகைப் படிவம் வரவில்லை என்று காட்டுகிறது. இரண்டையும் எப்போதோ அனுப்பியாயிற்று. கடைசி நாளுக்கு இன்னும் 3 நாள்தான். யாராவது உடனே சொல்லுங்கள், தூக்கமே வரவில்லை.

தாழைமடல் | இரவு 10.21
பதறாதீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள்: எர்லி டிசிஷனா (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம்), வழக்கமான ரெகுலரா? நீங்கள் வெளிநாட்டு மாணவரா, அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரா? உதவித்தொகைப் படிவம் என்றால் எது? குடும்பத்தின் வருமான விவரம் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைலா, கல்லூரியே கேட்கும் தனிப் படிவமா? இவை தெரியாமல் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

சிட்டுக்குருவி | இரவு 10.25
டீச்சரின் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கும் இதேதான் நடந்தது. காமன் ஆப் அனுப்பிய அழைப்பு மூன்று வாரம் அங்கேயே கிடந்தது, சார் கண்ணில் படவே இல்லை. நூற்றுக்கு நூறு ஸ்பேம்தான்.

ஆலமரம் | இரவு 10.38
இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. விண்ணப்பம் போடும் பிள்ளைகள் ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் திறந்ததுமே ஒவ்வொரு பகுதியையும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். 650 வார்த்தைக் கட்டுரைக்கு நான்கு மாதம் செலவழிப்பார்கள், படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்கு நிமிடம் பார்க்க மாட்டார்கள். போர்ட்டல் தாமதமாகத்தான் மாறும். இது கூடத் தெரியாமல் எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள்?

தாழைமடல் | இரவு 10.44
ஆலமரம் சார், பயந்துபோய் வந்த பிள்ளையிடம் இப்படிப் பேச வேண்டாமே. போர்ட்டல் தாமதமாகும் என்பது சரிதான். ஆனால் ஒன்பது நாள் கொஞ்சம் அதிகம்.

மின்மினி_17 | இரவு 10.52
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ரெகுலர். வெளிநாட்டு மாணவி. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல். சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, மொத்தமே இரண்டாயிரம் பேருக்குள்தான். கணக்கு டீச்சர், ஆங்கில டீச்சர் இருவரையும் சேர்த்தேன். ஆங்கில டீச்சர் கடிதம் வந்துவிட்டது. கணக்கு டீச்சருடையதுதான் வரவில்லை. அவர் சப்மிட் செய்துவிட்டதாகச் சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் காட்டுகிறது.

சிட்டுக்குருவி | இரவு 10.55
அப்படியென்றால் ஸ்பேம் இல்லை. சரி.

வடக்குவாசல் | இரவு 11.03
தங்கச்சி, டீச்சரை அழைப்பது வேறு, அந்தக் கல்லூரிக்கு அவரை அசைன் செய்வது வேறு. நிறைய பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். காமன் ஆப்பில் 'மை காலேஜஸ்' போய், அந்தக் கல்லூரியின் கீழே 'ரெகமெண்டர்ஸ் அண்ட் ஃபெர்பா' என்று பரிந்துரைப்பவர்களுக்கான பகுதி இருப்பதைத் திறந்து பாருங்கள். பள்ளியில் வழிகாட்டும் கவுன்சிலர் எல்லாக் கல்லூரிகளுக்கும் தானாகவே சேர்ந்துவிடுவார். டீச்சர் அப்படி இல்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் நாம்தான் பெயரைத் தேர்ந்தெடுத்து அசைன் கொடுக்க வேண்டும். முதல் கல்லூரிக்குச் செய்துவிட்டு, பிறகு சேர்த்த கல்லூரிகளுக்கு மறந்திருப்பீர்கள். விண்ணப்பத்தைச் சப்மிட் செய்த பிறகும் அசைன் செய்யலாம். அவர் மறுபடி எதையும் எழுத வேண்டியதில்லை. ஒரு முறை அனுப்பிய கடிதம்தான் எல்லா இடத்துக்கும் போகும்.

கோடைமழை | இரவு 11.10
சிஎஸ்எஸ் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் பெயரில் இனிஷியல் உண்டா?

மின்மினி_17 | இரவு 11.12
உண்டு. ஏன்?

கோடைமழை | இரவு 11.26
அதுதான் காரணமாக இருக்கும். நம் வீட்டில் பெயர் ஒன்றுதான், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. அந்தப் படிவங்களோ கடைசிப் பெயர் கொடு என்று பிடிவாதம் பிடிக்கும். சிஎஸ்எஸ் படிவத்துக்கு காலேஜ் போர்டு இணையதளக் கணக்குதான். எஸ்ஏடி நுழைவுத் தேர்வு எழுதும்போது திறந்த அதே கணக்கு. அதில் கடைசிப் பெயர் என்று வெறும் 'எஸ்' போட்டிருப்போம். ஒரு வருடம் கழித்து காமன் ஆப்பில் அப்பாவின் முழுப்பெயரைப் போடுவோம். கல்லூரியின் கணினிக்கு இந்த இருவரும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? படிவம் போய்ச் சேர்ந்திருக்கும், யாருடைய கோப்போடும் சேராமல் தனியாகக் கிடக்கும். என் தம்பிக்கு இதே சிக்கல் வந்து, ஒரே மின்னஞ்சலில் தீர்ந்தது.

நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள், சேர்க்கை அலுவலகத்துக்கு இல்லை. காமன் ஆப்பில் உள்ள பெயர், சிஎஸ்எஸ்ஸில் உள்ள பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், மூன்றையும் வரிசையாகப் போடுங்கள். பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 04/07 என்று எழுதினால் அவர்களுக்கு ஏப்ரல் 7, நமக்கு ஜூலை 4. காமன் ஆப் எண், சிஎஸ்எஸ் கொடுத்த சிபிஃபின்எய்ட் எண், இரண்டையும் சேர்த்து, "இரண்டும் ஒரே விண்ணப்பதாரர், தயவுசெய்து இணையுங்கள்" என்று முடித்தால் போதும். கதை சொல்ல வேண்டாம்.

ஆலமரம் | இரவு 11.40
பெயர்ப் பொருத்தம் எல்லாம் இரண்டாம் பட்சம். உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்ததே இவருடைய வாய்ப்பைக் குறைத்திருக்கும். சின்னக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது பணத் தேவையையும் கணக்கில் எடுக்கின்றன. பணம் கேட்காமல் முதலில் உள்ளே போயிருக்க வேண்டும்.

வடக்குவாசல் | இரவு 11.51
இந்த யோசனையை யாரும் பின்பற்றாதீர்கள். முதலில் உதவி வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தால், பிறகு நான்கு வருடமும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு விதியே வைத்திருக்கின்றன. விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கும்போது முதல் வருடச் செலவுக்குப் பணம் எங்கே என்று காட்டியாக வேண்டும், அப்போது என்ன செய்வார்? பணத் தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் சின்னக் கல்லூரிகளும் உண்டு. ஆம்ஹர்ஸ்ட் 2008-லிருந்தே அப்படித்தான். போடன் 2022-ல் அந்த முடிவுக்கு வந்தது. தேவையைப் பார்த்தாலும், எடுத்துக்கொண்டவருக்குத் தேவை முழுவதையும் தரும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. பணம் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நெய்தல் | இரவு 11.58
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கணக்கு டீச்சரிடம் கடிதம் வாங்கும் பெண் எதற்கு ஆர்ட்ஸ் காலேஜ் போகிறார்? அங்கே பி.ஏ.தானே கொடுப்பார்கள். அறிவியல் படிக்க நினைத்தால் பெரிய பல்கலைக்கழகமே நல்லது இல்லையா?

கோடைமழை | இரவு 12.15
இந்தப் பெயரே நம் ஊர்க்காரர்களைக் குழப்பிவிடுகிறது. லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியமும் இலக்கியமும் மட்டும் என்று நினைக்கிறோம். கணிதமும் வானியலும் பழங்காலத்திலிருந்தே அதற்குள்தான். ஆம்ஹர்ஸ்டில் இயற்பியல் படித்தாலும் பி.ஏ.தான் கொடுப்பார்கள், அங்கே வேறு இளங்கலைப் பட்டமே இல்லை. ஸ்வார்த்மோரில் பொறியியல் இருக்கிறது. ஹார்வி மட் முழுக்க அறிவியலும் பொறியியலும்தான், அதுவும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிதான். படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடியில் 12 மாதத்துக்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு கிடைப்பதும் பாடப்பிரிவின் குறியீட்டைப் பொறுத்தது. பி.ஏ.வா பி.எஸ்ஸியா என்பதைப் பொறுத்தது இல்லை.

வடக்குவாசல் | இரவு 12.22
கோடைமழை சொன்னதோடு ஒன்று. வில்லியம்ஸ் கல்லூரியில் டுட்டோரியல் என்று ஒரு வகுப்பு உண்டு. இரண்டு மாணவர், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிப்பார், மற்றவர் அதைக் கேள்வி கேட்டுக் குடைவார், அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசையில் நான் நான்கு வருடம் உட்கார்ந்தேன். எந்தப் பேராசிரியருக்கும் என் பெயர் தெரியாது. மேற்படிப்புக்குக் கடிதம் கேட்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றேன். இந்தப் பெண்ணுக்கு அந்த நிலை வரக்கூடாது.

ஆலமரம் | இரவு 12.30
பெரிய இடத்தில் படித்தும் பேராசிரியரைத் தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவரவர் முயற்சி.

தாழைமடல் | இரவு 12.33
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். மின்மினி, அசைன் பார்த்தீர்களா? இன்னொன்று, கடைசி நாள் நீங்கள் அனுப்ப வேண்டியவற்றுக்குத்தான். பள்ளியிலிருந்து வருவது ஓரிரு நாள் தாமதமானால் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சிஎஸ்எஸ் உங்கள் பொறுப்பு, அதைத் தள்ளிப்போடாதீர்கள். சப்மிட் செய்த தேதி தெரியும் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்மினி_17 | காலை 6.47
கணக்கு டீச்சரை இந்தக் கல்லூரிக்கு அசைன் செய்யவே இல்லை. வேறு இரண்டு கல்லூரிக்கு மட்டும் செய்திருக்கிறேன். இப்போது செய்துவிட்டேன். சிஎஸ்எஸ்ஸில் கடைசிப் பெயர் வெறும் 'எஸ்'. கோடைமழை அக்கா சொன்னபடியே மெயில் அனுப்பினேன். எல்லோருக்கும் நன்றி. இன்று பிராக்டிகல் இருக்கிறது, கிளம்புகிறேன்.

கோடைமழை | காலை 7.05
நல்லது கண்ணு. நான் அக்கா இல்லை, அண்ணன். பதில் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

மின்மினி_17 | இரண்டு நாள் கழித்து, இரவு 9.20
இரண்டும் பச்சை ஆகிவிட்டது அண்ணா.

புல்லாங்குழல்_9 | மூன்று வாரம் கழித்து
எனக்கும் இதே சிக்கல். ஆனால் என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடமே காலி. காமன் ஆப்பில் கடைசிப் பெயருக்கு நீங்கள் என்ன போட்டீர்கள் என்று சொல்ல முடியுமா? எனக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.