சேடில் (சீட்) உயரத்துக்கு 0.883 போதுமா?

காற்றெதிர்: புதுசா ரோடு பைக் (ரேஸ் சைக்கிள்) எடுத்தவங்க, உடம்புக்கேத்த மாதிரி அதை அளந்து சரிபண்ணும் ஃபிட்டிங்குக்குக் காசு கொட்ட வேண்டாம். வெறுங்காலில் சுவரோடு சாய்ந்து நின்று, தொடை இடுக்கில் ஒரு புத்தகத்தை நல்லா மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளங்க. 0.883 ஆல் பெருக்குங்க. பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டுகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சேடில் மேற்பரப்பு வரை அதுதான் உயரம். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்த கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது.

சங்கிலிப்பல்: அதுல கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) நீளமே இல்லையே அண்ணா! நீங்க புத்தகம் வச்சு எடுத்த உள்கால் அளவு 82 செ.மீ. என்றால் உங்க கணக்கில் 72.4. கீழே இருக்கும் பெடலிலிருந்து சேடில் மேல் வரை உள்காலில் 109 சதவீதம் என்ற இன்னொரு பழைய கணக்கில் 89.4, 170 மி.மீ. கிராங்கைக் கழித்தால் அதே 72.4. இப்போ 165 கிராங்க் மாட்டுங்க. அது 72.9 ஆகும், உங்களுது அசையாது. அவ்வளவு தாழ்வா உட்கார்ந்து நீண்ட தூரம் மிதிச்சா முழங்கால் முன்பக்கம் வலிக்க வாய்ப்பிருக்கு.

காற்றெதிர்: அரை சென்டிமீட்டர் தானே தம்பி? புத்தகம் கொஞ்சம் சரிந்தாலே அவ்வளவு மாறும். ஷூ அடிப்பாகம், பெடல், ஷார்ட்ஸ் பேட் எல்லாம் வேற இருக்கு. தொடங்குறதுக்கு ஒரு எண் வேணும், அவ்வளவுதான்.

மேட்டுமிதி: ரெண்டு பேரும் டேப்பை சேடிலில் எங்கே வைக்கிறீங்கன்னு சொல்லவே இல்லை. நடுவில் பள்ளம், பின்னால் மேடு. இடம் மாறினால் எண்ணும் மாறும். அகலம் சரியாக 80 மி.மீ. வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அங்கிருந்து அளங்க. பின்தள்ளலையும் (பாட்டம் பிராக்கெட்டுக்கு எவ்வளவு பின்னால் சேடில் இருக்குங்கிறதை) அந்தக் கோட்டிலிருந்தே எடுங்க. மூக்கு நுனியிலிருந்து எடுத்தால், 27 செ.மீ. சேடிலை மாற்றி 24 செ.மீ. குட்டை சேடில் போடும் அன்னைக்கே கணக்கு குழம்பிடும். இன்னொன்று, சேடிலை 1 செ.மீ. பின்னால் தள்ளினால் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து தூரம் சுமார் 3 மி.மீ. கூடும். உயரத்தை மட்டும் தனியா முடிவு பண்ண முடியாது.

சங்கிலிப்பல்: அதனாலதான் கடைசியில் முழங்கால் மடிப்பைப் பார்க்கணும்னு சொல்றேன். பெடல் அடியில் இருக்கும்போது, கால் நேரா இருந்தா பூஜ்யம்னு வச்சு, 30 முதல் 40 டிகிரிக்குள் இருக்கணும்.

காற்றெதிர்: நிறுத்தி வச்சு எடுத்த கோணமா, மிதிக்கும்போது எடுத்ததா? ரெண்டும் ஒன்றில்லை. குதிகாலைத் தூக்கி மிதிக்கிறவருக்கு உயரம் அதிகமா இருந்தாலும் கோணம் சரின்னு காட்டும். பென்சில் கோட்டை ஏத்துக்கறேன், அக்கா சொல்றது நியாயம். ஆனா 0.883-ஐ விட மாட்டேன்.

சங்கிலிப்பல்: மிதிக்கும்போதுதான் அண்ணா. ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே சைக்கிளை மிதிக்க உதவும் ஸ்டாண்ட்) பத்து நிமிஷம் சூடேறின பிறகு, இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் மூணுலயும் ஸ்டிக்கர் ஒட்டி பக்கவாட்டில் வீடியோ எடுங்க. குதிகால் தூக்குறதும் அதுலயே தெரிஞ்சிடும்.