இபிட். இப்போது எந்த நூலைக் காட்டுகிறது?

கேள்வி: ஆய்வேட்டில் 41, 42ஆம் அடிக்குறிப்புகளுக்கு நடுவே புதிதாக ஒரு நூலைச் செருகினேன். பழைய 42இல் வெறும் ‘இபிட்., ப. 117’ (அதாவது மேலே சொன்ன அதே நூல், பக்கம் 117) என்றிருந்தது. இப்போது அது செருகிய நூலைக் காட்டுகிறது. அதற்கோ மொத்தமே 48 பக்கம்! ‘ஆப். சிட்.’ (‘முன்பு சுட்டிய நூலில்’) போட்டால் தப்பிக்கலாமா?

பதில்: இபிட். என்பது இபிடெம், ‘அதே இடத்தில்’. முந்தைய குறிப்பை மட்டுமே சுட்டும். ஆப். சிட். இடையில் வேறு நூல்கள் வந்தாலும் தாங்கும், ஆனால் ஆசிரியர் பெயரும் கூடவே வேண்டும். அவருடைய இரண்டு நூல்களை எடுத்தாண்டிருந்தால் எது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு பதில்: இரண்டுமே வேண்டாம். ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்க எண் போதும். மேற்கோள், அடிக்குறிப்பு முறைகளைச் சொல்லும் சிகாகோ நடைக் கையேட்டின் 2017 பதிப்பும் இபிட்.டைவிட இதைத்தான் விரும்புகிறது.

கேட்டவர்: சரி, மாற்றிவிடுகிறேன். இப்போதுதான் தேடிப் பார்த்தேன், 63 இபிட். இருக்கிறது. அப்புறம் எங்கே தூங்குவது!